பாறையில் முளைத்த விரல்

மீன் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாறையில் தெரியாதது ஒன்று முளைத்தால் உடனே போனில் படம் பிடித்து எங்கெங்கோ இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். காப்பி ஆறுவதற்குள் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லையே என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். அந்த வேலையைச் செய்ய வீட்டுக்கு வீடு சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

நான் உப்புத் தண்ணீர்த் தொட்டி பார்த்தவள். கோயமுத்தூரில் அப்போது அந்த வேலை தெரிந்த ஆண்களே அபூர்வம். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. மில்லில் நூலைக் கோனில் சுற்றிக்கொண்டிருந்தேன். மில்லை மூடினார்கள். வண்ணமீன் கடை ஒன்றில் கண்ணாடி துடைக்கப் போனேன். துடைக்கப் போனவளை நம்பிக் கடைசியில் தொட்டியையே விட்டார்கள். என் படிப்பு கையெழுத்துப் போடுவதோடு நின்றது. இதையும் நான் சொல்லச் சொல்லத்தான் வீட்டில் எழுதுகிறார்கள். என் பேச்சைத் திருத்தக் கூடாது, வேண்டுமானால் ‘ங்க’வை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களிடம் கருவி இருக்கிறது. கருவிக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சாவு. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் எங்கள் கடைத் தொட்டி இருந்தது. அதில் மீன்கள்மேல் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தது. எங்கள் முதலாளி நீல நிற மருந்து ஒன்றை ஊற்றினார். அது செம்புச் சத்து. நல்ல மருந்துதான், புள்ளி போய்விட்டது. ஆனால் உயிர்ப்பாறை என்பது பார்க்கத்தான் கல். கடலுக்குள்ளிருந்து ஈரத்தோடு வருவது, அதன் பொந்துக்குள் ஓர் ஊரே குடியிருக்கும். நண்டு, இறால், பூச்சி, பாசி என்று அத்தனை குடித்தனத்துக்கும் செம்பு விஷம். எல்லாம் உள்ளேயே செத்து, தண்ணீர் பாலாகி, பிழைத்த மீனும் அந்த நாற்றத்தில் செத்தது. அறை எடுக்க வந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அடுத்த லாட்ஜுக்குப் போனார்கள். “மருந்து வேலை செஞ்சுதா இல்லையா?” என்று முதலாளி என்னிடமே கேட்டார். செய்தது, யார் இல்லை என்றார்கள்? செம்பு விழுந்த பாறையில் உயிர் தங்காது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதைக்கு அது போதும்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மில்காரர் வீடு. வீட்டம்மாள் பெயர் சரோஜினி. திருப்பூரில் அவருடைய நாத்தனார் வீட்டில் தங்கமீன் தொட்டி வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார். நல்ல தண்ணீர்த் தொட்டியை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், எங்கள் வீட்டுக்குக் கடலே வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூரில் போய்ப் பேசாத பேச்சில்லை. அந்தத் தண்ணீரில் மூட்டை உப்பைக் கொட்டிக் கலக்குவதுதான் என் உத்தியோகம். கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து பஸ்ஸில் ஈரச் சாக்கில் பாறை வந்தது. இப்போது அப்படி எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, இருக்கட்டும். அந்தப் பாறையை நானே பார்த்துப் பொறுக்கி அடுக்கினேன். ‘இது சுத்தமான பாறைங்க, நானாச்சு’ என்று வாக்கும் கொடுத்தேன்.

தொட்டி நடு ஹாலில் இருந்தது. ஒறம்பரை வந்தால்தான் அதற்கு விளக்குப் போடுவார்கள். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள். மீன் யாருக்காக நீந்துகிறது என்பதில் அந்த வீட்டில் குழப்பமே இருந்ததில்லை.

அந்த வீட்டு மகளுக்கு நல்ல இடம் அமைந்து, நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைப்பது என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘ஊட்டுக்குள்ள கடல் வெச்சிருக்கறோம்’ என்று சொல்லியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அது முளைத்தது. நடுப்பாறையின் இடுக்கிலிருந்து, மண் நிறத்தில், நகமில்லாத ஒரு விரல். நான் போகும்போதெல்லாம் முன்பைவிடக் கொஞ்சம் நீண்டிருந்தது.

சரோஜினி அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “ஏனுங்க தொட்டிக்காரம்மா, இதென்னுங்க இது?”

“தெரியலீங்க.”

“தெரியலீன்னா?”

“தெரியலீன்னா தெரியலீங்க. பொறுத்துப் பாக்கோணும்.”

வெள்ளிக் கிண்ணத்தை எடுத்ததாக நான் ஒப்புக்கொண்டது போல என்னைப் பார்த்தார்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் பக்கத்துப் பேச்சுக்கு மரியாதை அதிகம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டோம், ‘பாக்கலாமுங்க’ என்போம். முடியாது என்பதற்கு ‘செஞ்சரலாமுங்க’ என்போம். ‘தெரியாது’ என்பதற்கு மட்டும் நம்மிடம் மரியாதையான மாற்றுச் சொல் கிடையாது. அதனால் யாரும் அதைச் சொல்வதே இல்லை, எல்லோருக்கும் எல்லாமே தெரிந்துவிடுகிறது.

மில்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது. பஞ்சுக் கழிவு என்றார். ஃபில்டர் பஞ்சு சிலும்பி வந்து கல்லில் ஒட்டித் திரியாகத் திரண்டிருக்கிறது, மில்லில் தினமும் பார்ப்பதுதான் என்றார். இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்த மச்சினர் வந்தார். வார்ப்பில் கசடு நின்றுபோனால் இப்படித்தான் முண்டு தள்ளும், பாறையே மட்டச் சரக்கு, உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும் என்றார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒன்றுவிட்ட தம்பி, சேவல் கொண்டையில் வரும் அம்மைக்கட்டி அச்சாக இதேதான் என்றார். தண்ணீரில் கலந்துவிடும் மருந்து அவர் காரிலேயே இருந்தது. குடும்ப டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “சின்னதா ஒரு துண்டு வெட்டி டெஸ்டுக்கு அனுப்பிப் பாத்துருவோம். பெரும்பாலும் ஒண்ணுமிருக்காது, பயப்படாதீங்க” என்றார். அதுவரை பயப்படாமல் இருந்த சரோஜினி அம்மாள் அதைக் கேட்டதும் அழ ஆரம்பித்தார்.

எல்லோரும் கிட்டே வந்துதான் பார்த்தார்கள். மூக்குக் கண்ணாடியில் பட, மோதிர விரலால் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தார்கள். தட்டினால் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். தேங்காயை அப்படித்தானே வாங்குகிறோம். நான் மட்டும் என்ன, போகும்போதெல்லாம் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். எனக்கும் விரல் விரலாகத்தான் இருந்தது.

என் கவலை அது என்ன என்பதில்லை. பெயர் வைத்தவர் கை சும்மா இருக்காது என்பதுதான். பஞ்சு என்றால் பிடுங்கத் தோன்றும், கசடு என்றால் உளி வரும், கட்டி என்றால் கத்தி வரும். ஆளுக்கு ஏற்ற மாதிரி தடுத்துக்கொண்டே வந்தேன். பவுண்டரிக்காரரிடம், தாராளமாகத் தட்டுங்கள், பாறைக்குப் பின்னாலேயே கண்ணாடி இருக்கிறது, கீழே புதுப் பளிங்குத் தரை இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். உளி பைக்குள் போய்விட்டது. பல்லடத்துக்காரரிடம், இந்த மருந்து சாப்பிட்ட மீன் நாளைக்கு முட்டை வைக்குமா என்று கேட்டேன். அவரே சிரித்துவிட்டார். டாக்டரிடம், வெட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டுமில்லையா என்றேன். மில்காரர் கையெழுத்துப் போட அஞ்சுகிறவர், அதோடு நின்றது.

எங்கள் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் ஒரு வழி சொன்னார். “நீ ஒண்ணு பண்ணு. கடல் கஸ்தூரின்னு ஒரு பேரச் சொல்லிப்போடு. ராசின்னு சொல்லு. ஊருபூரா வந்து கும்புட்டுப் போவாங்க.”

கும்பிட்டால் பாலும் ஊற்றுவார்கள். பால் ஊற்றிய உப்புத் தொட்டியை மறுநாள் யார் கழுவுவது? நான் மாட்டேன் என்றேன். என் வாக்குக்குக் கட்டுப்பட்ட தொட்டி, அதில் என் வாயால் பொய்ப் பெயர் விழாது என்றேன். அவருக்குக் கோபம். கல்லுக்குப் பெயர் வைக்கத் தெரியாதவளெல்லாம் எதற்குக் கடைக்கு வந்தாய் என்று கேட்டார். பெற்றவர்கள்தான் பெயர் வைக்க வேண்டும், இதைப் பெற்றது யார் என்று முதலில் தெரியட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கடைசியில் மில்காரர், தனக்குத் தெரிந்த விலங்கியல் வாத்தியார் ஒருவரைக் கல்லூரியிலிருந்து வரவழைத்தார். அவர் மொபெட்டில் வந்தார். வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் தட்டவில்லை என்பதை நான் கவனித்தேன். வீடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரியலீங்களே” என்றார்.

அவரே தொடர்ந்தார். “நான் இதுகளையெல்லாம் பாட்டில்ல செத்துக் கெடக்கறதத்தான் பாத்திருக்கறனுங்க. அதுல எல்லாமே வெளுத்துப்போயிச் சுருங்கிக் கெடக்கும். உசுரோட பாத்ததில்லீங்க.”

சும்மா ஒரு பெயர் சொன்னாலும் பரவாயில்லை என்று மில்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார். புத்தகம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் வாத்தியார். அடுப்பங்கரையிலிருந்து கிளம்பிய பலகாரத் தட்டு வாசற்படியோடு திரும்பிப் போயிற்று. அவர் தலை மறைந்ததும், இதற்குத்தானா இத்தனை வருசமாகப் பாடம் நடத்துகிறார் என்று மச்சினர் கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் வீட்டில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

கேட்டைத் திறந்துவிட நான்தான் போனேன். மொபெட்டை உதைத்துக்கொண்டே வாத்தியார் சொன்னார்: “தெரியாதத தொடாதீங்கம்மா. முடிஞ்சாத் தூரத்துல இருந்து பாருங்க. நம்ம நெழலு உழுந்தாலே அதுக்கு ஒரு பெரிய மீனு வந்த மாதிரி.” மொபெட்டின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது, ஆனால் அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் தொழிலில் எனக்கு யாராவது குரு உண்டென்றால் அவர்தான், அதுவும் பாடத்துக்காக இல்லை, ஒரு வீடு நிறைய ஆட்களுக்கு நடுவில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாது என்று சொன்ன தைரியத்துக்காக.

இனித்தான் பெரியவர் வருகிறார். மில்காரருடைய அப்பா. தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டத்தோடு இருந்துகொண்டவர். பங்களாவுக்கு எப்போதாவதுதான் வருவார், வந்தால் பங்களாவே எழுந்து நிற்கும். பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்காக முன்கூட்டியே வந்திருந்தார். தொட்டியைப் பார்த்தார். “அடிச்சாம்பலு” என்றார். திராட்சை இலையின் அடியில் பூக்கும் பூஞ்சை நோய் அது. கொடியில் வந்தால் என்ன, கல்லில் வந்தால் என்ன, நோய் நோய்தான், மயில்துத்தம் போட்டால் பொழுது விடிவதற்குள் கருகிவிடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மயில்துத்தம் என்ன என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன், அதுவும் செம்புதான். லாட்ஜ் தொட்டியைக் கொன்ற அதே செம்பு, அதைவிடக் காட்டமாக.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் தொட்டியைக் கழுவப் போனேன். ஹாலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளி நிறைய நீலத் தண்ணீர். மயில் கழுத்து நிறம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. மகன், மருமகள், மச்சினர் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மில் முழுக்க அதட்டுகிற மில்காரர் கையைக் கட்டிக்கொண்டு, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரோஜினி அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் ‘நீயாவது சொல்லேன்’ என்று இருந்தது. அவர் வாயோ “சரிங்க மாமா” என்றது.

ஊற்றினால் அன்று மாலைக்குள் பாறை செத்துவிடும். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் வந்து உட்காரும் நேரத்துக்கு நாற்றம் சரியாகத் தயாராகிவிடும். பாறைக்கு வாக்குக் கொடுத்தவள் நான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மகன், மருமகள் எதிரில் வயதானவரிடம் போய் ‘வேண்டாம்’ என்று சொல்வது, வாளியை நாமே கவிழ்ப்பதற்குச் சமம். அந்தச் சொல் அவர்கள் காதில் ‘ஊற்று’ என்றுதான் விழும். எனக்கும் இப்போது அந்த வயது, தெரிந்துதான் சொல்கிறேன். செம்பு, விஷம், லாட்ஜ் என்று பாடம் நடத்தினாலும் நடக்காது. திராட்சைக்காரரிடம் மயில்துத்தத்தைப் பற்றி உப்புத்தொட்டிக்காரி பாடம் எடுப்பதா? அவருக்குத் தெரிந்ததிலிருந்தே ஒன்றை எடுத்துத்தான் அவர் கையைப் பிடிக்க முடியும்.

“ஏனுங்கய்யா, காத்து வீசறப்பக் கொடிக்கு மருந்து அடிப்பீங்களா?” என்று கேட்டேன்.

“எவன் அடிப்பான்? காத்து அடங்கோணும்.”

“தொட்டிக்குள்ளயும் அப்படித்தானுங்க. இத்தன பேரு தட்டித் தட்டி உள்ளுக்குள்ள எல்லாம் கலைஞ்சு கெடக்குது. சித்தெ அடங்கட்டுமுங்க. நீங்க அந்தச் சோபாவுல உக்காந்து பாத்துட்டிருங்க. அடங்குன பெறகும் ஊத்தோணும்னீங்கன்னா நானே வாளியத் தூக்கித் தாரேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலை தெரிந்தவள் என்று பட்டிருக்க வேண்டும். வாளியையும் எடுத்துக்கொண்டு போய் எதிர்ச்சுவர் ஓரத்துச் சோபாவில் உட்கார்ந்தார். அவர் எதிரில் யாரும் உட்கார மாட்டார்கள், ஆகையால் மற்றவர்கள் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அவர் பேசாதபோது யாரும் பேச மாட்டார்கள், ஆகையால் வீடு அமைதியானது. நான் தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு ஒரு தூண் ஓரமாக ஒதுங்கினேன். அதற்கு மேல் என்னிடம் யோசனை எதுவும் இல்லை. நேரம் வேண்டியிருந்தது, வாத்தியார் சொன்ன தூரமும் வேண்டியிருந்தது. இரண்டும் கிடைத்தன. முழு யோசனையும் கைக்கு வந்தால்தான் ஆரம்பிப்பேன் என்று நிற்பவர்களுக்கு இந்தத் தொழில் ஆகாது.

அந்த விரல் முளைத்த நாளிலிருந்து அதன்முன் மூக்கும் மோதிரமும் இல்லாமல் விளக்கு எரிந்தது அன்றுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மச்சினர் கொட்டாவி விட்டார். பெரியவர் வாளியின் கைப்பிடியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் விரலின் நுனி தளர்ந்தது. உள்ளேயிருந்து தூரிகை போல ஒன்று எட்டிப் பார்த்தது, தயங்கியது, இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு தென்னம்பாளை வெடித்து விரிகிற மாதிரி மெல்ல விரிந்தது. சுற்றிலும் இறகு இறகாக, பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரி வைத்து, ஒரு கை அகலத்துக்கு நின்று தண்ணீரில் அசைந்தது. நான் கொடுத்த வாக்கு எதற்கு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“பூ உடுதே” என்றார் பெரியவர்.

சரோஜினி அம்மாள் இரண்டு எட்டு முன்னால் வைத்தார். அவர் நிழல் கண்ணாடியில் விழுந்ததும் பூ போன இடம் தெரியவில்லை. மறுபடி மண் விரல்.

“அம்மணி, அங்கயே நில்லு. கிட்டப் போகாத” என்றார் பெரியவர்.

எல்லோரும் மறுபடி பின்னால் போய் நின்றோம். அதுவும் மறுபடி வந்தது. பெரியவர் முழங்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு காலால் வாளியைத் தள்ளி வைத்தார். “பூ உட்ட கொடிக்கு எவனாச்சும் மருந்தடிப்பானா? அத்தனையும் கொட்டிப்போகுமல்ல?” என்று மகனைக் கேட்டார், ஏதோ மகன்தான் வாளியைக் கொண்டுவந்தது போல. மகனும் “தப்புத்தானுங்கப்பா” என்றார். பெரியவர் நீலத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாசல் ரோஜாச் செடிக்கு ஊற்றச் சொன்னார். அந்த ரோஜாச் செடிக்கும் ஏதோ நோய் இருந்ததை அவர் கண்டுபிடித்திருந்தார். அது அந்த வாரமே குணமாகி, நின்ற இடமும் காலியாயிற்று.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருமே முதலில் சொன்னது பூ என்றுதான் ஆயிற்று. பருத்திப் பூ மாதிரி என்றுதான் நான் சொன்னேன் என்று மில்காரர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினர், பாறையைச் சுற்றிச் சுத்தம் செய்யத்தான் உளி கேட்டாராம். டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. பயப்படாதீர்கள் என்று அவர் சொன்னது உண்மைதான்.

நிச்சயதார்த்தத்துக்கு விளக்கெல்லாம் போட்டு, தொட்டியைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டினார்கள். கடலுக்குள் பூ பூத்திருக்கிறது என்ற செய்தி ஒறம்பரை வருவதற்கு முன்பே அவர்கள் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பட்டுப் புடவைகளும் மோதிரங்களும் கண்ணாடியை மொய்த்தன. அத்தனை நிழலில் எது பூக்கும்? விரல் உள்ளே இழுத்துக்கொண்டு மண் குச்சியாக நின்றது. பெரியவர் தொட்டி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கைத்தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தார். தடி யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒருவர்கூட பூ எங்கே என்று கேட்கவில்லை. வந்தவர்கள் குனிந்தார்கள், குச்சியைப் பார்த்தார்கள், நிமிர்ந்து அம்சமாக இருக்கிறது என்றார்கள். இந்த நிறத்தை எங்கும் பார்த்ததில்லை என்றார் ஒருவர். மாப்பிள்ளையின் அம்மா தன் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று வைக்க வேண்டும் என்றார். எங்கள் முதலாளிக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. திருப்பூர் நாத்தனார் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் குனிந்து பார்த்தார்.

“பூவுக்கு வாசமும் உண்டுங்களா அண்ணி?” என்று கேட்டார்.

“தண்ணிக்குள்ள தலைய உட்டு மோந்தாத்தான் தெரியும் அம்மணி. உடறீங்களா?” என்றார் சரோஜினி அம்மாள்.

நாத்தனார் சாப்பிடப் போய்விட்டார்.

எல்லாம் அடங்கிய பிறகு வாத்தியார் வந்தார். யாரும் கூப்பிடாமல், பையில் தடித்த புத்தகத்தோடு, தானாகவே வந்தார். அன்றைக்கு நானும் அங்கிருந்தேன். தூரத்தில் நின்று பார்க்கச் சொன்ன பேச்சு பலித்தது என்று சொன்னேன். அவரும் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். அது விரிந்தது. சம்பளம் உயர்ந்தவர் மாதிரி அவர் முகம் ஆனது.

“புழுங்கம்மா” என்றார்.

அந்த விரல், புழு தன் கோழையையும் மண்ணையும் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட வீடாம். இறகெல்லாம் தண்ணீரில் வரும் இரையைப் பிடிக்கிற வலையாம். மண்புழு, அட்டை இவற்றின் வம்சமாம். புத்தகத்தை விரித்துப் படம் காட்டினார். அச்சாக அதேதான்.

நான் உள்ளே போய்ச் சரோஜினி அம்மாளிடம் சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். “ஆருங்க, அந்த வாத்தியாரா? தனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு அவரே அன்னைக்கே சொல்லிப்போட்டாரே.”

பிள்ளைகளே, இதையும் தெரிந்துகொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். தெரியாது என்று ஒரு முறை சொன்னவரைத் தெரிந்த பிறகும் நம்ப மாட்டார்கள். அதற்காகத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள். நம்பப்பட்டவர்கள் சொன்னபடி செய்திருந்தால் அந்தப் பாறை எத்தனை முறை செத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வம்பு அதோடு முடியவில்லை. பக்கத்து அறை ஊஞ்சலில் பெரியவர் படுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. “என்ன புழு?” என்று குரல் வந்தது.

பூ என்றதும்தான் அவர் வாளியைத் தள்ளி வைத்தார். புழு என்றால் அவருக்கு வேறு கணக்கு. காயைத் துளைப்பது, தண்டைக் குடைவது என்று ஆயுள் முழுக்கப் புழுவோடு மல்லுக்கட்டியவர். மிச்ச மயில்துத்தப் பொட்டலம் கார் நிறுத்துகிற கொட்டகையில் அப்படியே இருந்தது. பூதானுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வீடே அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது, வாத்தியாரும் கிளம்பிவிட்டார். ஆனால் முதலாளிக்காகச் சொல்லாத பொய்யைப் பெரியவருக்காகச் சொல்வதா?

ஊஞ்சல் பக்கம் போய் நின்றேன். “புழுங்களாமாங்கய்யா. வாத்தியார் புஸ்தகத்துல காட்டுனாரு.”

எழுந்து உட்கார்ந்தார். “புழுவுன்னா? துளைக்கற ஜாதியா?”

“இல்லீங்க. மண்புழு வம்சமுங்க.”

ஊஞ்சல் நின்றது. மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹாலில் இருந்த தொட்டியைப் பார்த்தார்.

“மண்புழுவா?” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அது ஏரில்லாத குடியானவனல்ல? அது இருக்கற காட்டுல மருந்தடிக்கறவன் உருப்படுவானா?” மறுபடி படுத்துக்கொண்டார். படுத்தபடியே மகனைக் கூப்பிட்டு, கொட்டகையில் இருக்கும் பொட்டலத்தைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார்.

அது அட்டைக்கும் சொந்தம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பெரியவர் தோட்டம் மலையடிவாரம், மழைக்காலமானால் அட்டை காலில் ஏறும் இடம். அட்டை என்ற சொல்லைக் கேட்டால் அவர் கை மறுபடி அந்தப் பொட்டலத்தைத் தேடும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். கேட்காத உறவுமுறையை எடுத்துச் சொல்வது என் வேலை இல்லை.